பேண்தகு செயற்கை நுண்ணறிவும் பல்கலைக்கழகங்களும்

பேண்தகு செயற்கை நுண்ணறிவு என்பது, செயற்கை நுண்ணறிவு முறைமைகளை உருவாக்கவும் இயக்கவும் செலவாகும் மின்னாற்றல், நீர் ஆகியவற்றையும், அதனால் வெளியாகும் பசுமைக்குடில் வளிமங்களையும் அளந்து குறைக்க முயலும் ஆய்வுத்துறை ஆகும். மிகப்பெரிய மாதிரிகளை இன்று பெரும்பாலும் தனியார் நிறுவனங்களே உருவாக்குகின்றன. எனினும் அவற்றின் சூழல் பாதிப்பை அளக்கும் முறைகளை வளர்ப்பதிலும், அதைக் குறைக்கும் நுட்பங்களைக் கண்டறிவதிலும் பல்கலைக்கழகங்கள் முதன்மையான பங்கு வகித்துள்ளன.

பின்னணி

பெரிய மாதிரி ஒன்றைப் பயிற்றுவிக்க ஆயிரக்கணக்கான செயலிகள் பல வாரங்கள் இடைவிடாது இயங்க வேண்டியுள்ளது. அவை வெளியிடும் வெப்பத்தைத் தணிக்கவும் மின்சாரமும் நீரும் தேவை. பன்னாட்டு ஆற்றல் முகமையின் 2025 அறிக்கையின்படி, உலகின் தரவு மையங்கள் 2024 இல் ஏறத்தாழ 415 டெராவாட்-மணி மின்சாரத்தைப் பயன்படுத்தின. இது உலக மின் நுகர்வில் ஏறக்குறைய 1.5% ஆகும். 2030 இல் இது ஏறத்தாழ 945 டெராவாட்-மணியாக உயரலாம் என்றும், இவ்வுயர்வுக்குச் செயற்கை நுண்ணறிவு முக்கிய காரணம் என்றும் அவ்வறிக்கை மதிப்பிடுகிறது.

முதல் அளவீடுகளும் திருத்தமும்

2019 இல் ஐக்கிய அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழக (ஆம்கெர்ஸ்ட்) ஆய்வாளர்கள் எம்மா ஸ்ட்ரூபெல், அனன்யா கணேஷ், ஆண்ட்ரூ மெக்காலம் ஆகியோர் மொழி மாதிரிகளின் ஆற்றல் செலவை மதிப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டனர். மாதிரி ஒன்றின் சிறந்த கட்டமைப்பைத் தானியங்கு முறையில் தேடும் பணி ஒன்று ஏறத்தாழ 284 டன் கார்பன் டை ஆக்சைடுக்கு ஈடான வளிமங்களை வெளியிடும் என அவர்கள் கணித்தனர். இது ஒரு சராசரி அமெரிக்க மகிழுந்து தன் வாழ்நாள் முழுவதும் வெளியிடுவதைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு என்ற ஒப்பீடு உலகெங்கும் பரவியது.

2021 இல் கூகுள் நிறுவனமும் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகமும் இணைந்து வெளியிட்ட ஆய்வு, அத்தேடலின் உண்மை அளவு 3.2 டன் மட்டுமே என்று காட்டியது. தேடல் சிறிய மாதிரி ஒன்றைக் கொண்டே நடந்தது என்பதும், பயன்பட்ட செயலிகளும் தரவு மையமும் கூடுதல் திறன் வாய்ந்தவை என்பதும் முந்தைய ஆய்வாளர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. நிறுவனங்கள் தரவுகளை வெளியிடாதவரை வெளியார் மதிப்பீடுகள் 88 மடங்கு வரை பிழைபடக்கூடும் என்பதற்கு இது சான்றாகும். அதே வேளை, முதல் மதிப்பீடு எழுப்பிய விவாதமே மெய்யான தரவுகள் வெளிவரத் துணைசெய்தது என்பதும் குறிப்பிடத்தக்கது.

மின்சாரத்தின் மூலம்

2021 ஆய்வின்படி, 175 பில்லியன் அளவுருக்கள் கொண்ட ஜிபிடி-3 மாதிரியைப் பயிற்றுவிக்க 1,287 மெகாவாட்-மணி மின்சாரம் செலவாகி, 552 டன் வளிமங்கள் வெளியாயின. தமிழ் உட்பட 46 மொழிகளைக் கையாளும் புளூம் மாதிரி 176 பில்லியன் அளவுருக்கள் கொண்டது. இது 2022 இல் பிரான்சின் பொதுத்துறை மீத்திறன் கணினியான ஜான் சேயில் பயிற்றுவிக்கப்பட்டது. இதற்கு 433 மெகாவாட்-மணி மின்சாரமும், அதன் விளைவாக ஏறத்தாழ 25 டன் வெளியீடும் ஆயின. மின்சார அளவில் வேறுபாடு மூன்று மடங்கு. வெளியீட்டிலோ இருபது மடங்கிற்கும் மேல். பிரான்சின் மின்சாரத்தில் பெரும்பகுதி அணு மின் நிலையங்களிலிருந்து கிடைப்பதே இதற்குக் காரணம். கருவிகளின் உற்பத்தியையும், அவை வேலையின்றி இயங்கும் நேரத்தையும் சேர்த்தால் புளூமின் வெளியீடு ஏறத்தாழ 50 டன் ஆகிறது.

குறைக்கும் நுட்பங்கள்

* மாதிரிச் சுருக்கம்: ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் சொங் ஹான் குழுவினர் 2015 இல் வெளியிட்ட முறை, அலெக்ஸ்நெட் என்னும் மாதிரியை 240 மெகாபைட்டிலிருந்து 6.9 மெகாபைட்டாக, துல்லியம் குறையாமல் சுருக்கியது.
* மின்திறன் வரம்பு: மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் லிங்கன் ஆய்வகம், செயலிகள் பெறும் மின்திறனுக்கு உச்சவரம்பு விதித்து 12 முதல் 15% வரை ஆற்றலைச் சேமித்தது. பணிகள் முடியக் கூடுதலாக 3% நேரமே ஆயிற்று.
* அளவீட்டு மென்பொருள்கள்: கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் கார்பன்டிராக்கர் (2020) பயிற்சியின்போதே ஆற்றல் செலவை அளந்து, முழுப் பயிற்சிக்கும் ஆகக்கூடிய செலவை முன்கணிக்கிறது.

நீர்ப் பயன்பாடு

ரிவர்சைடிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஷாவோலெய் ரென் குழுவினர் 2023 இல் வெளியிட்ட ஆய்வு, ஜிபிடி-3 ஐ அமெரிக்கத் தரவு மையங்களில் பயிற்றுவிக்கும்போது குளிரூட்டலுக்காக மட்டும் ஏறத்தாழ 7 இலட்சம் லிட்டர் நன்னீர் ஆவியாகியிருக்கலாம் என மதிப்பிட்டது.

வரம்புகள்

திறன் மேம்பாடு மட்டுமே மொத்த நுகர்வைக் குறைத்துவிடாது. ஒரு வளத்தின் பயன்பாட்டுத் திறன் உயரும்போது அதன் மொத்த நுகர்வும் உயரக்கூடும் என்பதை வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் 1865 இல் நிலக்கரியைக் கொண்டு விளக்கினார். இது ஜெவன்ஸ் முரண்பாடு எனப்படுகிறது. மேலும், நிறுவனங்களிடம் உள்ள அளவுக்குக் கணிமை வளம் பல்கலைக்கழகங்களிடம் இல்லை. ஆகையால் பெரிய மாதிரிகளை அவை நேரடியாக அளக்க இயலுவது அரிது; வெளியிடப்படும் தரவுகளையே சார்ந்திருக்க வேண்டியுள்ளது.