காய்ச்சினாலும் போகாதது

"சுவாமி, காய்ச்சிக் குடிச்சால் காணும்தானே?"

அச்சுவேலிப் பக்கத்தில் குடும்பங்களைச் சந்திக்கும்போது நாம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வந்தவர்களிற் சிலர் இன்றும் இரவல் காணியிலிருந்து அயலவர் கிணற்றில் அள்ளுகிறார்கள். காணி திரும்பக் கிடைத்தவர்கள், பல வருடம் ஆள் புழங்காத கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கிக் குடிக்கிறார்கள். இவர்களுக்கு நாமும் நெடுங்காலம் "காய்ச்சிக் குடியுங்கள்" என்றே சொல்லி வந்தோம். அது பாதி மருந்துதான். காய்ச்சினால் கிருமி சாகும். தண்ணீரில் கரைந்திருக்கும் இரசாயனம் சாகாது.

இதை விளங்கிக்கொள்ளச் சென்னையில் நடந்த ஓர் ஆராய்ச்சி உதவும். அங்குள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் இரசாயனப் பேராசிரியர் தலப்பில் பிரதீப், கேரளத்தைச் சேர்ந்தவர். 2020இல் இந்திய அரசின் பத்மஸ்ரீ விருது பெற்றவர். வெள்ளியை நனோ அளவுத் துணிக்கைகளாக்கினால் என்ன நடக்கும் என்று அவர் ஆராய்ந்தார். நனோமீற்றர் என்பது ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு. கற்கண்டுக் கட்டியிலும் பார்க்க இடித்த கற்கண்டு கெதியாகக் கரைவதை நாம் அறிவோம்; பொடியாக்கினால் தண்ணீர் படும் பரப்புக் கூடுகிறது. வெள்ளியும் அப்படித்தான். கட்டியாக இருக்கையில் சும்மா கிடக்கும் வெள்ளி, நனோ துணிக்கையானதும் எண்டோசல்பான், குளோர்பைரிபொஸ் போன்ற கிருமிநாசினிகளைத் தண்ணீரிலிருந்து பிடித்தெடுக்கிறது. (எண்டோசல்பானை இலங்கை 1998இல் தடைசெய்தது. அதற்குமுன் எங்கள் தோட்டங்களில் அடித்தது எவ்வளவு என்று மூத்த விவசாயிகளைத்தான் கேட்கவேண்டும்.) இந்த முறையில் அமைந்த வடிகட்டி 2007இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது.

அவருடைய அடுத்த வேலை ஆசனிக் பற்றியது. மேற்கு வங்காளத்தில், குளத்துத் தண்ணீரால் வரும் நோய்களுக்குப் பயந்து மக்கள் குழாய்க்கிணறு அடித்தார்கள். வந்த தண்ணீர் பளிங்குபோல் தெளிவு. ஆனால் நிலத்தடியில் இயற்கையாகவே இருந்த ஆசனிக் அதில் கரைந்திருந்தது. நிறமுமில்லை, மணமுமில்லை, வருடங்கள் கழித்துத் தோலில் புண்ணும் புற்றுநோயுமாகத்தான் தெரியவந்தது. இரும்புத் துரு ஆசனிக்கைப் பிடிக்கும் என்பது தெரிந்த விடயம். ஆனால் நுண்ணிய துருவைத் தண்ணீரில் போட்டால் அதுவும் சேர்ந்து ஓடிவிடும். பிரதீப்பின் குழு, இறால் கோதிலிருந்து எடுக்கும் கைட்டோசன் என்ற பொருளால் அந்தத் துருவைப் பிணைத்து மணல்போன்ற குறுணியாக்கியது. பெரிய சூளையோ நெருப்போ தேவைப்படவில்லை. ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு ஏறக்குறைய 2.5 டொலர் செலவில் சுத்தமான நீர் கொடுக்கலாம் என்று 2013இல் எழுதினார்கள். 'அம்ரித்' என்ற பெயரில் இது இந்தியக் கிராமங்களில் இயங்குகிறது.

அப்படியானால் ஒன்றை வாங்கி எங்கள் கிணற்றடியில் பூட்டலாமா? இங்கேதான் கவனம் வேண்டும். துரு ஆசனிக்கைப் பிடிக்கும், நைத்திரேற்றைப் பிடிக்காது. எங்கள் கிணறுகளின் பெரிய பிரச்சினையோ நைத்திரேற்றுத்தான். 1980களிலேயே ஆய்வாளர்கள் அதைச் சுட்டிக்காட்டினார்கள். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போட்ட யூரியாவில் பயிர் எடுத்தது போக மிச்சம், எருக்கும்பி, மலசலகூடக் குழி, எல்லாம் சுண்ணாம்புக்கல் வெடிப்புகள் வழியே கிணற்றுக்கு இறங்குகின்றன. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். காய்ச்சக் காய்ச்சத் தண்ணீர் வற்றுமே தவிர நைத்திரேற்று வற்றாது, செறிவு கூடும். வளர்ந்தவர்களைவிட ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கே ஆபத்து அதிகம். அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் இரத்தம் ஒட்சிசனைக் காவும் ஆற்றல் குறைந்து, உதடும் நகமும் நீலம் பாரிக்கலாம். கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடவேண்டும். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு இந்தப் பயமில்லை.

ஆகவே வடிகட்டி விற்க வருபவரிடம் விலையைக் கேட்கமுன், "தம்பி, இது நைத்திரேற்றை எடுக்குமோ?" என்று கேளுங்கள். அதற்கு வேறு வகைக் கருவி வேண்டும், விலையும் கூட. அதற்கும் முன்னர் கிணற்றைப் பரிசோதிக்கவேண்டும். எங்கே கொடுப்பது, எப்படிப் போத்தலில் எடுப்பது என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்லுவார். மாரி தொடங்கியபின் ஒருமுறையும் கோடையில் ஒருமுறையும் பார்ப்பது நல்லது, அளவு மாறும். இரவல் கிணறென்றால் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவர்களும் அதைத்தானே குடிக்கிறார்கள்.