பழனிக்கு நடப்பவர் சாலையின் எந்தப் பக்கம் நடக்க வேண்டும்?

தை பிறந்துவிட்டால் காரைக்குடியைச் சுற்றியுள்ள சாலைகளில் இரவு என்பதே கிடையாது. வெயில் ஏறுவதற்குள் தூரத்தைக் கடந்துவிட வேண்டும் என்று பழனிக்குப் போகிறவர்கள் பின்னிரவில் இரண்டு மணி, மூன்று மணிக்கே கிளம்பிவிடுவார்கள். நகரத்தார் காவடிகள் குன்றக்குடியில் கூடிப் புறப்படுகிற வழக்கம் 400 ஆண்டுகளைத் தாண்டியது என்பது இப்பகுதியின் மரபு. திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று நீளும் அந்த வழியில் இன்று நகரத்தார் மட்டும் நடக்கவில்லை. தேவகோட்டை, அறந்தாங்கி, ராமநாதபுரம் பக்கத்திலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் வந்து சேருகிறார்கள். மாட்டுவண்டியும் மனிதக் காலும் மட்டுமே போன காலத்தில் தொடங்கிய பயணம், இப்போது மணல் லாரிக்கும் ஆம்னி பஸ்ஸுக்கும் பக்கத்தில் ஒரு முழ இடைவெளியில் நடக்கிறது.

சாலை விதி என்றாலே ஹெல்மெட்டும் அபராதமும்தான் நினைவுக்கு வருகின்றன. செட்டிநாட்டில் அந்தப் பேச்சை நடந்து போகிறவரிடமிருந்து தொடங்குவதுதான் முறை. சாலையில் போகிறவர்களில் உடம்பைச் சுற்றி எந்த இரும்பும் இல்லாதவர் அவர்தான்.

முதல் கேள்வி, எந்தப் பக்கம் நடப்பது? பள்ளியில் படித்த ‘இடதுபுறம் செல்’ என்பதை மனதில் வைத்துக்கொண்டு நம்மில் பெரும்பாலோர் இடப்பக்கமே நடக்கிறோம். அந்த விதி வண்டிக்குச் சொன்னது. நடைமேடை இல்லாத சாலையில் தனியாகவோ இரண்டு மூன்று பேராகவோ நடக்கிறவர் வலது ஓரத்தில், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடப்பதே பாதுகாப்பு. இடது ஓரத்தில் நடந்தால் நம் பக்கம் வரும் வண்டி முதுகுக்குப் பின்னால் வருகிறது. ஓட்டுநர் கண்ணயர்ந்து வண்டி ஓரத்துக்கு இறங்கினால் நமக்குத் தெரியாது. வலது ஓரத்தில் நடந்தால் அது கண்ணுக்கு நேரே தெரியும். சாலையை விட்டு ஓர் எட்டு மண்ணில் இறங்க அவகாசம் கிடைக்கும். உயிர் பிழைக்க அந்த ஓர் எட்டு போதும்.

பெருங்கூட்டமாகப் போகும்போது கணக்கு மாறுகிறது. ஐம்பது அறுபது பேர் காவடியோடு வலப்பக்கம் வந்தால், எதிரே வரும் வண்டிக்கு விலக இடமே இருக்காது. நம்மைப் போலவே இடப்பக்கம் வண்டி ஓட்டும் பிரிட்டனின் சாலை விதிநூல் இதற்கு ஒரு தெளிவான வழி சொல்கிறது. ஒழுங்குபடுத்தப்பட்ட பெரிய குழு, நடைமேடை இல்லாத இடத்தில், இடப்பக்கமே நடக்கலாம். ஆனால் குழுவுக்கு முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவரும் காவலாக வர வேண்டும். இரவில் முன்னால் வருபவர் கையில் வெள்ளை விளக்கு, பின்னால் வருபவர் கையில் சிவப்பு விளக்கு. அதாவது மொத்தக் கூட்டத்தையும் ஒரே வண்டியாகப் பார்க்கச் சொல்கிறார்கள். வண்டிக்கு முன்விளக்கும் பின்விளக்கும் இருப்பதுபோலக் கூட்டத்துக்கும் இருக்க வேண்டும். நம் பாதயாத்திரைக் குழுக்கள் இதை இந்த வருடமே கடைப்பிடிக்கலாம். இரண்டு டார்ச், ஒன்றின் கண்ணாடியில் சிவப்புத் தாள், அவ்வளவுதான் செலவு.

விளக்கு இவ்வளவு முக்கியமா, ‘டிரைவருக்கு ஆள் தெரியாமலா போகும்?’ என்று கேட்பவர்கள் உண்டு. தெரியாமல் போகும். 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் 22 மீட்டர் ஓடுகிறது. ஆளைப் பார்த்து, மூளை உணர்ந்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி என்று வைத்துக்கொண்டால், அதற்குள் 33 மீட்டர் போய்விடும். பிரேக் பிடித்த பின் வண்டி நிற்க இன்னும் 35 மீட்டர். ஆக, காய்ந்த சாலையிலேயே ஏறக்குறைய 70 மீட்டர் வேண்டும். எதிரே வண்டி வரும்போது விளக்கை டிம் செய்தால் சாலை தெளிவாகத் தெரிவது 40, 50 மீட்டர்தான். முருக பக்தர் உடுத்தும் பச்சை வேட்டி இருட்டில் கறுப்பாகவே தெரியும், காவியும் அப்படித்தான். ஓட்டுநர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், பார்த்த பிறகு நிறுத்துவதற்கு அங்கே தூரம் இல்லை.

பாதயாத்திரைக் காலத்தில் போலீசார் பக்தர்களின் பையில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுவது இதனால்தான். வெள்ளைத் துணி, தன்மேல் பட்ட வெளிச்சத்தை நாலாபுறமும் சிதறடிக்கும். இந்த ஸ்டிக்கரோ வெளிச்சம் வந்த திசைக்கே, ஓட்டுநரின் கண்ணுக்கே, திருப்பி அனுப்பும். அதனால் 100 மீட்டருக்கு அப்பாலேயே மின்னத் தொடங்கிவிடும். முதுகில் ஒட்டினால் மட்டும் போதாது. பையின் மேல் துண்டைப் போட்டால் ஸ்டிக்கர் மறைந்துவிடுகிறது. கணுக்காலில் ஒரு பட்டை கட்டிக்கொண்டால் நடக்கிற அசைவில் அது மேலும் கீழும் ஆடும். ஆடுகிற வெளிச்சத்தைப் பார்த்ததும் ‘மனுசன் நடக்குறான்’ என்று ஓட்டுநருக்குப் புரிந்துவிடும்.

நடப்பவரின் பொறுப்பை இவ்வளவு சொன்னதால் குற்றமும் அவருடையதுதான் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து போனவர்கள். கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடர்ந்த பொதுநல வழக்கு, நாட்டின் சாலைப் பாதுகாப்பு வழக்குகளுக்கெல்லாம் தாய் வழக்காக நிற்கிறது. அறுவைச் சிகிச்சை அறைக்கு வந்துகொண்டே இருந்த உடைந்த உடல்களைப் பார்த்த ஒரு தமிழ் மருத்துவர் தொடங்கியது அது. அந்த வழக்கில்தான் 2025 மே மாதம் நீதிமன்றம், நடைமேடை என்பது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கியது என்றது. நடைமேடை நகராட்சி இஷ்டப்பட்டுச் செய்யும் உபகாரம் அல்ல, கேட்டு வாங்க வேண்டிய உரிமை. மாநகராட்சியாக உயர்ந்துவிட்ட காரைக்குடியில், செக்காலைச் சாலையில் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கும் எவரும் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். சிக்னல் இல்லாத இடத்தில் வரிக்கோடு போட்டிருந்தால், அதில் கால் வைத்தவருக்கே முன்னுரிமை. வண்டிதான் நிற்க வேண்டும்.

2025 நவம்பர் 30 அன்று திருப்பத்தூர் அருகே கும்மங்குடியில் இரண்டு அரசுப் பேருந்துகள் நேருக்கு நேர் மோதிப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தது, இந்தப் பகுதியில் இன்னும் ஆறாத காயம். எதிரெதிர்ப் போக்குவரத்துக்கு நடுவே சுவர் இல்லாத சாலைகளில், நம்மைப் பிரித்து வைத்திருப்பது ஒரு வர்ணக்கோடுதான். விட்டுவிட்டுப் போட்ட வெள்ளைக்கோடு என்றால், எதிரே காலியாக இருந்தால் முந்தலாம். விடாமல் நீளும் கோடு என்றால் அதைத் தாண்டக் கூடாது. வளைவு, பாலம், மேடு என எதிரே வருவது தெரியாத இடங்களில் இந்தக் கோடு போடப்படும். 60-இல் போகும் இருவர் எதிரெதிரே வந்தால் அவர்களுக்கிடையே உள்ள தூரம் 120 வேகத்தில் கரைகிறது. முந்தும்போது நாம் மனதில் போடும் கணக்கு தப்புவது அங்கேதான்.

நான்குவழிச் சாலையில் அந்த ஆபத்து இல்லை, நடுவில் தடுப்பு இருக்கிறதே என்று நினைப்போம். மேலூர்–காரைக்குடிச் சாலையைப் பயன்படுத்துகிறவர்களுக்குத் தெரியும், அங்கே வேறு ஓர் ஆபத்து உண்டு. ஊரிலிருந்து ஏறுகிற பைக் எதிர்ப்பக்கம் போக வேண்டும். தடுப்பில் அடுத்த திறப்பு தூரத்தில் இருக்கிறது. பெட்ரோலும் நேரமும் மிச்சம் என்று ஓரமாக ராங் சைடிலேயே வந்துவிடுகிறார். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் இதை ஆபத்தான ஓட்டுதல் என்றே வகைப்படுத்துகிறது. முதல் முறைக்கே ஆறு மாதத்திலிருந்து ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. தண்டனை சரிதான். ஆனால் ஓர் ஊரே தினமும் ராங் சைடில் வருகிறது என்றால், அந்தச் சாலையை வரைந்தவர் அந்த ஊரைப் பார்க்கவில்லை என்றும் அர்த்தம். வயலுக்கும் ரேஷன் கடைக்கும் பள்ளிக்கும் மக்கள் எந்த வழியில் போகிறார்கள் என்று கேட்ட பிறகு திறப்பையும் சர்வீஸ் ரோட்டையும் வைத்திருந்தால், பாதிப் பேர் விதியை மீற வேண்டிய தேவையே வந்திருக்காது. கிராம சபையில் இதைத் தீர்மானமாகப் போட்டு அனுப்பலாம். அதுவரை, அந்தத் தூரத்தைச் சுற்றித்தான் வர வேண்டும்.

ஊருக்குள் ஆபத்து வேறு விதம். செட்டிநாட்டு வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளுபவை. தெருக்கள் நூல் பிடித்ததுபோல நேராக ஓடி, குறுக்குச் சந்துகளை வெட்டிச் செல்கின்றன. பார்க்க அழகு. ஆனால் முக்குவரை உயர்ந்து நிற்கும் மதில் சந்திலிருந்து வருபவரை முழுதாக மறைத்துவிடும். அந்த முக்குகளில் சிக்னல் கிடையாது, விதி உண்டு. கிளைத்தெருவிலிருந்து பெரிய தெருவில் ஏறுபவர் நின்று வழிவிட வேண்டும். இரண்டும் சமமான தெரு என்றால் நம் வலப்புறத்திலிருந்து வருபவருக்கு முதல் உரிமை. ஹார்ன் அடித்துவிட்டோம் என்பதால் வழி நமக்குச் சொந்தமாகிவிடாது.

அந்தத் தெருக்களில்தான் ஹெல்மெட் ஆணியில் தொங்குகிறது. ‘இந்தா, பக்கத்துலதான்’ என்பார்கள். 2022-இல் ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் நாடு முழுக்க 50,029 பேர். அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். ஹெல்மெட் உயிரிழப்பைச் சுமார் 42 சதவீதமும் தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்பது பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துக் கண்ட முடிவு. வாரைக் கட்டாவிட்டால் விழும்போது தலைக்கு முன்னால் ஹெல்மெட் பறந்துவிடும். தமிழ்நாட்டில் ஓட்டுபவர், பின்னிருப்பவர் இருவருக்குமே ஹெல்மெட் கட்டாயம். இல்லாவிட்டால் 1,000 ரூபாய். நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் இது பொருந்தும். அதற்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு 2023 பிப்ரவரி முதல் தனி விதி வந்துவிட்டது. ஒன்பது மாதம் முடிந்த குழந்தைக்கும் அதன் தலைக்கேற்ற ஹெல்மெட் வேண்டும், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பட்டை வேண்டும், வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது. காரைக்குடியில் குழந்தைக்குப் பட்டை கட்டிய ஒரு பைக்கைக்கூட நான் பார்த்ததில்லை. எழுதும்போதே மனம் கனக்கிறது.

பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் வண்டிச் சாவியைக் கொடுக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை விபத்து ஏதும் செய்யாவிட்டாலும், பிடிபட்டால் சட்டத்தின் 199ஏ பிரிவு பாய்வது உங்கள் மேல். 25,000 ரூபாய் அபராதம், மூன்றாண்டு வரை சிறை, வண்டியின் பதிவு ஓராண்டு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது.

விபத்தைப் பார்த்துவிட்டு ‘போலீஸ், கோர்ட்டுன்னு அலையணுமே’ என்று நகர்ந்துவிடும் பயத்துக்கு இப்போது இடமில்லை. உதவியவர் தன் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம்கூட இல்லை என்பது 134ஏ பிரிவு வந்த பிறகு சட்டம். 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், அடிபட்டவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும், நிர்ணயித்த தொகை வரை இலவசம். உரிய நேரத்தில் கொண்டுவந்து சேர்த்தவருக்கு ஊக்கத்தொகையும் உண்டு. 108-ஐ அழைத்துவிட்டுப் பக்கத்தில் இருங்கள். கழுத்தில் அடிபட்டிருக்கலாம் என்பதால், மேலும் ஆபத்து இல்லாத இடமாக இருந்தால் அவரைத் தூக்கிப் புரட்ட வேண்டாம்.

திரும்பும் வழி ஒன்று மிச்சமிருக்கிறது. நகரத்தார் காவடிக்காரர்கள் பழனியிலிருந்து திரும்புவதும் நடந்துதான். மற்றவர்களில் பலர் தரிசனம் முடிந்ததும் குட்டியானையிலோ லாரியிலோ ஏறிவிடுகிறார்கள். காதுகுத்து, கெடாவெட்டு, கல்யாணம் எதற்கும் ஊர்ப்பக்கம் வழக்கமான வண்டி அதுதான். பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாத சரக்குத் தட்டில், பல நாள் நடந்த களைப்பில் எல்லோரும் தூங்கியபடி வருவார்கள். ஒரு வளைவில் வண்டி சாய்ந்தால் மொத்தக் குடும்பமும் சாலையில்.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. நடந்து போகும்போது ஒரு வண்டி மோதினால், நடப்பவர் சட்டத்தின் பார்வையில் மூன்றாம் நபர். கட்டாயக் காப்பீட்டிலிருந்து இழப்பீடு கிடைக்கும். மோதிய வண்டி நிற்காமல் போய்விட்டால்கூட 2022 ஏப்ரல் முதல் உயிரிழப்புக்கு 2 லட்சம், படுகாயத்துக்கு 50,000 ரூபாய் அரசுத் திட்டத்தில் உண்டு. அதே ஆள் சரக்கு வண்டியின் தட்டில் ஏறி உட்கார்ந்த நிமிடம் கணக்கு வேறாகிவிடுகிறது. சரக்கு வண்டியில் சும்மா ஏறி வரும் பயணிக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பில்லை என்று ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. வழக்கு, வண்டி உரிமையாளரை நோக்கித் திரும்பும். அவரிடம் இருப்பது பெரும்பாலும் தவணை முடியாத அந்த ஒரு வண்டிதான்.

குழுவாகப் போகிறவர்கள் மாலை போடும் நாளிலேயே திரும்பும் பஸ்ஸுக்குத் தலைக்கு இவ்வளவு என்று வாங்கி ஒருவர் கையில் கொடுத்து வையுங்கள். காவடிக்குச் சாமான் வாங்கும் பட்டியலில் இரண்டு டார்ச்சையும் ஒளிரும் பட்டைச் சுருள் ஒன்றையும் அன்றைக்கே எழுதிவிடலாம்.