கேள்விகளால் உருவான தீவு

இது பாதிரியார் வில்பர்ட் ஆட்ரியின் (1911–1997) படிப்பறை. அவருடைய பொருள்களைக் கொண்டே இங்கு மீண்டும் அமைக்கப்பட்டது. தட்டம்மையில் படுத்திருந்த மகன் கிறிஸ்டோஃபருக்கு அவர் சொன்ன பேசும் நீராவி எஞ்சின்களின் கதைகள் 1945-இல் புத்தகமாக வரத் தொடங்கின.

வாசகச் சிறுவர்கள் அவற்றைத் துருவித் துருவிப் படித்தார்கள். ஒரு படம் இன்னொன்றோடு ஒத்துப்போகவில்லையே, இந்த ரயில்பாதை எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். ஆட்ரி மழுப்பவில்லை. தம்பி ஜார்ஜுடன் சேர்ந்து, இங்கிலாந்துக்கும் மேன் தீவுக்கும் நடுவே சோடோர் என்ற கற்பனைத் தீவையே படைத்தார். ஊர்கள், மலைகள், பல நூற்றாண்டு வரலாறு என எதையும் விடவில்லை. பிள்ளைகளின் சந்தேகத்துக்கு இவ்வளவு மதிப்புக் கொடுத்த எழுத்தாளர்கள் அரிது.

1951-இல் தொண்டர்கள் ஏற்று நடத்தத் தொடங்கிய இந்த டாலிலின் ரயில்பாதையில், அடுத்த ஆண்டு அவரும் கார்டாக வேலை பார்த்தார். சிற்றுண்டி விற்கும் பெண்மணியை ஏற்றாமலே ஒருமுறை ரயிலைக் கிளப்பிவிட்டார். பின்னர் அதுவும் ஒரு கதையாயிற்று.

அவர் கதைகளில் வரும் ஸ்கார்லோயி என்ற எஞ்சினுக்கு மூலம், 1864-இல் கட்டப்பட்ட ‘டாலிலின்’ எஞ்சின். வெளியே நடைமேடையில் அது நிற்கிறதா என்று பாருங்கள்.