ஷார்ட் ஷிஃப்டர் விலை 14,000... ஆனா கணக்கு அங்கே முடியலை!



நம்ம சேனலில் கார் லோன் வீடியோ போட்டதிலிருந்து ஒரே மாதிரி கேள்வி திரும்பத் திரும்ப வருது. "செகண்ட் ஹேண்டில் போலோ 1.0 டிஎஸ்ஐ மேனுவல் வாங்கியிருக்கேன். ஷார்ட் ஷிஃப்டர் போடலாமா? 14,000 ரூபாய்தான், கார்டில் இஎம்ஐ போட்டுக்கலாம்னு இருக்கேன்."

ஆசையைத் தப்புன்னு சொல்ல மாட்டேன். 110 பிஎஸ் டர்போ இன்ஜின், 6 ஸ்பீடு கியர்பாக்ஸ்... கையில் அப்படி ஒரு கார் இருந்தா கியர் 'டக் டக்'குன்னு விழணும்னு தோணத்தான் செய்யும். ஆனா 14,000 என்பது பார்ட்டோட விலை மட்டும்தான். முழுச் செலவு என்னன்னு இப்போ பார்ப்போம்.

முதலில், அது என்ன வேலை செய்யுது?

இந்த மாதிரி கார்களில் கியர் லிவருக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் ரெண்டு கேபிள் ஓடுது. ஒண்ணு இடம்-வலம் அசைவுக்கு, இன்னொண்ணு முன்-பின் அசைவுக்கு. ஷார்ட் ஷிஃப்டர் கிட் இந்த லிவரின் அளவை மாத்துது. அதனால் கை கொஞ்ச தூரம் நகர்ந்தாலே கியர் விழுந்துடும்.

நெம்புகோல் கணக்கில் எதுவும் ஓசியில் கிடைக்காது. கை நகரும் தூரம் 30% குறைஞ்சா, அதே கியரைப் போட கை கொடுக்க வேண்டிய அழுத்தம் சுமார் 43% கூடும் (1 ÷ 0.7 = 1.43). ஓ.எம்.ஆர். டிராஃபிக்கில் ஒண்ணு-ரெண்டு, ஒண்ணு-ரெண்டுன்னு போறப்போ இது கையில் நல்லாவே தெரியும்.

இன்னொரு விஷயம், சிங்க்ரோ ரிங். சுத்துற ரெண்டு பாகங்களோட வேகத்தைச் சமமாக்கி, கியர் சத்தமில்லாம விழ வைக்கிறது அதுதான். அதுக்குக் கொஞ்சம் நேரம் வேணும். லிவர் தூரம் குறைஞ்சதேன்னு அவசரமா அடிச்சுப் போட்டுக்கிட்டே இருந்தா, அது சீக்கிரம் தேயும்.

ஃபிட்டிங்கில் எங்கே தப்பு நடக்கும்?

பார்ட்டை மாட்டுறது பெரிய வேலை இல்லை. அதுக்கு அப்புறம் கேபிளை செட் பண்றதுதான் முக்கியம். நியூட்ரலில் லிவரையும் கியர்பாக்ஸ் பக்கத்தையும் பூட்டி வெச்சு, அந்த நிலையில் கேபிளை டைட் பண்ணணும். இதைக் கண் அளவில் செய்தா கியர் முழுசா விழாது, ஓட்டும்போது வெளியே வந்துடலாம், 'கர்ர்'னு சத்தம் வரும். அதனால் இந்த மாடலில் ஏற்கெனவே இந்த வேலை பார்த்த மெக்கானிக்கிடம் மட்டும் கொடுங்க. வேலை முடிஞ்சதும் இன்ஜின் ஆஃப்பில் ரிவர்ஸ் உட்பட எல்லா கியரும் போட்டுப் பார்த்துட்டுத்தான் பணம் கொடுக்கணும்.

இப்போ கணக்குக்கு வருவோம்

இது உதாரணக் கணக்குதான். உங்க ஊரில் ரெண்டு ஒர்க்‌ஷாப்பில் விலை கேட்டு எழுதிக்கோங்க.

- கிட்: 14,000
- புது புஷ், கேபிள் கிளிப்: 3,000
- லேபர், கேபிள் செட்டிங்: 4,000
- கியர் ஆயில் மாத்த: 3,000

மொத்தம் 24,000 ரூபாய். 14,000 எங்கே, 24,000 எங்கே!

இதை 16% வட்டியில் 12 மாத கார்டு இஎம்ஐ-ஆ மாத்தினா, மாசம் சுமார் 2,178 ரூபாய். வட்டி மட்டும் 2,130 ரூபாய் வரும். அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி, தனியா பிராசஸிங் ஃபீஸ் வேற.

யாரும் சொல்லாத செலவு

நாளைக்கு கியர்பாக்ஸில் பிரச்சினை வந்தா யார் காசு கொடுப்பாங்க?

வாரன்டியா? வெளியே வாங்கிப் போட்ட பார்ட்டால் வந்த பழுதுன்னு சொல்லி மறுக்க வாய்ப்பு அதிகம். பழைய காரா இருந்தா வாரன்டியே முடிஞ்சிருக்கும்.

இன்ஷூரன்ஸா? நம்ம சாதாரண மோட்டார் பாலிசியின் ஓன் டேமேஜ் பகுதியில் மெக்கானிக்கல் பிரேக்டவுன் கிடையாது. "இன்ஜின் ப்ரொடெக்ட் ஆட்-ஆன் எடுத்திருக்கேனே?" அது பெரும்பாலும் தண்ணி புகுறது, ஆயில் கசியறது மாதிரியான காரணங்களுக்குத்தான். தேய்மானத்துக்கு இல்லை.

ஆக, ஷிஃப்டர் மாட்டின நாளிலிருந்து உங்க கியர்பாக்ஸுக்கு நீங்கதான் இன்ஷூரன்ஸ் கம்பெனி. எந்த இன்ஷூரன்ஸ் கம்பெனியும் கையில் பணம் இல்லாம பாலிசி கொடுக்காது. நீங்களும் கொடுக்காதீங்க.

கியர்பாக்ஸ் இறக்கி, சிங்க்ரோ மாத்தி, கூடவே கிளட்ச்சும் போட்டா எவ்வளவுன்னு மெக்கானிக்கிடம் கேளுங்க. 60,000 சொன்னார்னு வெச்சுக்குவோம். உங்க உண்மையான பட்ஜெட் 24,000 + 60,000 = 84,000. மாசம் 7,000 வீதம் 12 மாசம் ஆர்டி போட்டா அசலே 84,000 சேர்ந்துடும். அதில் 24,000-ஐ எடுத்துச் செலவு பண்ணுங்க. மீதி 60,000-ஐத் தொடாதீங்க. கார் நல்லா ஓடினா, விற்கும்போது அந்தப் பணம் முழுக்க உங்களுக்கே.

அதுக்கு முன்னாடி இதை ட்ரை பண்ணுங்க

பழைய காரில் "கியர் லூஸா இருக்கு"ன்னு தோணினா, பல நேரம் காரணம் தேய்ஞ்சு போன புஷ்தான். புஷ், கிளிப், கியர் ஆயில் மட்டும் மாத்துங்க. நம்ம உதாரணக் கணக்கில் பொருளுக்கு 6,000, அதோட லேபர். ஒரு மாசம் ஓட்டிப் பாருங்க. பாதிப் பேருக்கு ஆசை அதிலேயே அடங்கிடும்னு நினைக்கிறேன்!

போடுறதுன்னே முடிவு பண்ணிட்டீங்கன்னா:

1. எமர்ஜென்சி ஃபண்ட் 6 மாசச் செலவுக்கு இருக்கா? கார்டு பாக்கி பூஜ்யமா? ரெண்டும் 'ஆமா'ன்னா மட்டும் மேலே போங்க.
2. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ஈமெயிலில் தெரிவிச்சு, பதிலைப் பத்திரமா வைங்க. மறைச்சா பின்னாடி விபத்து க்ளைமில் சிக்கல் வரலாம்.
3. கழட்டின கம்பெனி பார்ட்டை மெக்கானிக்கிட்ட விட்டுட்டு வராதீங்க. வாங்கிட்டு வந்து டப்பாவில் போட்டு வைங்க. விற்கும்போது திரும்ப மாட்டிடலாம். மாடிஃபிகேஷனுக்குன்னு தனியா காசு கொடுக்கிறவங்க குறைவு, விலையைக் குறைக்கிறவங்கதான் அதிகம்.
4. பில் இல்லாத பார்ட் வேண்டாம்.

சம்பளம் வாங்கி நமக்குப் பிடிச்சதுக்குச் செலவு பண்றதில் குற்ற உணர்ச்சி தேவையில்லை. ஆசை 24,000 ரூபாய்க்குன்னா, பின்னாடி வரக்கூடிய 60,000-ஐயும் பார்த்துட்டு ஆசைப்படுங்க. அவ்வளவுதான்.

உங்க காருக்கு ஒர்க்‌ஷாப்பில் என்ன ரேட் சொன்னாங்கன்னு கீழே எழுதுங்க. அடுத்த வீடியோவில் அந்தக் கணக்கையே போட்டுப் பார்ப்போம்!