கால்நடை மருத்துவமனையில் பரிசோதனைக் கையுறை

பரிசோதனைக் கையுறை, ஒரு விலங்கைப் பார்த்து முடித்ததும் கழற்றி எறியப்படும் மெல்லிய உறை. அறுவைக் கையுறையைப் போல இணை இணையாகக் கிருமி நீக்கி இதை உறையிடுவதில்லை. பெட்டிக்கு 100 என்று அடுக்கி வரும். இடக்கை, வலக்கை வேறுபாடு கிடையாது. புதுச்சேரியில் குருமாம்பேட் கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய நிலையத்துக்கும் நகரத்துச் சிறு கிளினிக்குக்கும் தேவைப்படும் பொருள் ஒன்றுதான். ஆனால் சிறு கிளினிக்கில் வாங்குபவரே கணக்கும் பார்க்க வேண்டும்.

லேட்டக்ஸ் கையுறை ரப்பர் மரத்துப் பாலில் செய்யப்படுவது. கையோடு ஒட்டி இழுபடுவதால் விரலின் தொடுவுணர்வு குறையாது. எண்ணெய்தான் இதற்குப் பகை. வெப்பமானியில் தடவும் லிக்விட் பாராஃபினும் வாசலினும் சில நிமிடங்களிலேயே ரப்பரை நலிவடையச் செய்துவிடும். சிலருக்கு இதிலுள்ள புரதம் ஒவ்வாமையும் தரும். செயற்கை ரப்பரான நைட்ரைல், எண்ணெயையும் நகக்கீறலையும் கூடுதலாகத் தாங்கும். தெருநாய்களில் அடிக்கடி காணப்படும் பால்வினைக் கட்டிக்கு வின்கிரிஸ்டின் என்னும் புற்றுநோய் மருந்தை ஊசியாகப் போடும்போது நைட்ரைலை விட்டு வேறெதற்கும் போகக்கூடாது.

மலிவானது வினைல். ஆனால் அது குளோரின் கலந்த பிளாஸ்டிக். 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் கால்நடை மருத்துவமனைகளுக்கும் பொருந்தும். குளோரின் கலந்த பிளாஸ்டிக் கையுறைகளைக் கைவிடச் சொல்வதும் அவைதான். ஆகவே, விலை எவ்வளவு இறங்கினாலும் வினைலைப் பட்டியலிலிருந்தே நீக்கிவிடுவது நல்லது. மாவு பூசிய கையுறையையும் தவிர்க்கலாம். அந்த மாவு காயத்தில் விழுந்தால் அழற்சி உண்டாகும்; அமெரிக்கா 2017 ஜனவரியிலேயே அந்தக் கையுறைக்குத் தடை விதித்தது.

பெட்டியின் விலையை மட்டும் பார்த்தால் கணக்கு தவறிவிடும். 300 ரூபாய்ப் பெட்டியில் அணியும்போதே 15 கையுறை கிழிந்தால், மிஞ்சும் 85-இல் ஒன்றின் விலை 3.53 ரூபாய். 340 ரூபாய்ப் பெட்டியில் இரண்டுதான் கிழிகிறது என்றால் ஒன்று 3.47 ரூபாய்தான். விலை கூடிய பெட்டியே இங்கு மலிவு. கிழிசலுக்கு ஒரு காரணம் அளவு பொருந்தாமை. பெரிய கைக்குச் சிறிய கையுறையைத் திணித்தால் எந்தத் தரமும் தாங்காது. எனவே யார் யாருக்கு எந்த அளவு என்று கேட்டு எழுதிக்கொண்ட பிறகு வாங்க வேண்டும்.

பெட்டியில் ஐஎஸ் 15354 என்ற இந்தியத் தர எண், தொகுதி எண், காலாவதித் தேதி ஆகியவை இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். 1.5 அல்லது 2.5 என்று ஏ.க்யூ.எல். (ஏற்கத்தக்க குறையளவு) எண்ணும் இருக்கலாம்; அது சிறியதாக இருந்தால் ஓட்டைக்குக் கொடுத்த சலுகையும் குறைவு. மாதிரிக்கு ஒரு பெட்டி வாங்கி, பத்துக் கையுறைகளில் ஒரு லிட்டர் தண்ணீர் வீதம் ஊற்றி இரண்டு நிமிடம் தொங்கவிட்டுப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். பயன்படுத்திய கையுறைகளைக் கழுவி விற்ற கும்பல் 2020 ஆகஸ்டில் நவி மும்பையில் பிடிபட்டது. உறை பிரித்து எண்ணி விற்கும் சரக்கை அதனால்தான் தொடக்கூடாது.

மாட்டுக்குச் சினைப் பரிசோதனை செய்யத் தோள்வரை நீளும் பாலித்தீன் கையுறை வேண்டும். அது தளர்வாக இருக்கும் என்பதால், மேலே ஒரு குட்டைக் கையுறையை இறுக்கமாகப் போட்டுக்கொண்டால் விரல் பிடிமானம் கிடைக்கும். நஞ்சுக்கொடி தங்கிய மாட்டிலும் கன்று வீசிய மாட்டிலும் மனிதருக்கும் தொற்றும் புருசெல்லா கிருமி இருக்கக்கூடும். அங்கே சிக்கனம் பேசுவது உயிரோடு விளையாடுவதாகும். வெறிநோய் ஐயம் உள்ள நாயின் எச்சிலைத் தொடும்போதும் கையுறை கட்டாயம். ஆனால் எந்தக் கையுறையும் கடியைத் தடுக்காது. முதலில் வாய்க்கட்டுப் போட வேண்டும். இதற்கு மாறாக, நலமான நாய்க்குத் தடுப்பூசி போட, கை நன்றாகக் கழுவியிருந்தால் போதும். மிச்சத்தில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் கிடைக்கிறது.

கடற்காற்றும் வெக்கையும் உள்ள ஊரில் ஓராண்டுச் சரக்கைக் குவித்து வைத்தால் தள்ளுபடியில் கிடைத்த லாபம் கையுறை நைந்து போவதில் கரைந்துவிடும். மூன்று மாதத் தேவையை வாங்கி, வெயில் படாத அலமாரியில், எக்ஸ்ரே கருவியிலிருந்தும் மின்மோட்டாரிலிருந்தும் தள்ளி வைத்து, பழைய பெட்டியை முதலில் பிரிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அட்டைப்பெட்டி தரையைத் தொடக்கூடாது. பயன்படுத்திய கையுறை சிவப்புப் பைக்குப் போகும். அதை எடுத்துச் செல்ல ஆகும் செலவையும் கையுறைக் கணக்கிலேயே சேர்த்தாக வேண்டும்.