ஸ்கூபா போகிறீர்களா? முதலில் திரும்பும் டிக்கெட்டைப் பாருங்கள்

சென்னையிலிருந்து விமானம் ஏறினால் இரண்டரை மணி நேரத்துக்குள் அந்தமான். அங்கிருந்து கப்பலில் ஹேவ்லாக் தீவுக்குப் போகிறவர்களில் பலருக்கு ஸ்கூபாதான் முக்கியக் கனவு. நீச்சல் தெரியாதவர்களையும் பயிற்றுநர் கூடவே இருந்து இறக்கிக் காட்டுகிறார். பெரும்பாலோர் நலமாகத்தான் திரும்புகிறார்கள். ஆனால் வரக்கூடிய ஆபத்துகளில் பாதியை வீட்டில் உட்கார்ந்து திட்டம் போடும்போதே தவிர்த்துவிடலாம் என்பதால் இதை எழுதுகிறேன்.

கடைசி நாளில் வேண்டாம்

கடலில் 10 மீட்டர் இறங்கினால் உடம்பின் மீதுள்ள அழுத்தம் இரண்டு மடங்காகிறது. அந்த அழுத்தத்தில் சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கும்போது அதிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் தசைகளிலும் வழக்கத்தைவிட அதிகமாகக் கரைகிறது. மேலே வந்ததும் அது உடனே போய்விடுவதில்லை. மூச்சு வழியாக மெல்ல மெல்லத்தான் வெளியேறும். அதற்குள் விமானம் ஏறினால் என்ன ஆகும்? பறக்கும் விமானத்துக்குள் காற்றழுத்தம் ஏறக்குறைய ஊட்டி உயரத்தில் இருக்கும் அளவுக்குக் குறையலாம். கரைந்திருந்த நைட்ரஜன் அப்போது குமிழிகளாகி மூட்டுகளிலும் நரம்புகளிலும் சிக்கிக்கொள்ளும்.

அதனால்தான் ஒரே ஒரு முறை மூழ்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், பல முறை மூழ்கியவர் 18 மணி நேரமும் விமானம் ஏறக் கூடாது என்கிறார்கள். 24 மணி நேரம் விட்டுவிடுங்கள் என்பேன் நான். 'மூன்று பகல் இரண்டு இரவு' பேக்கேஜில் ஸ்கூபா எந்த நாளில் இருக்கிறது என்று ஏஜென்டிடம் கேளுங்கள். திரும்பும் நாள் காலையில் இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். கடற்கரையில் படுத்திருப்பதையும் மேலோட்டமான ஸ்நார்க்கலிங்கையும் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

படிவத்தில் மறைக்காதீர்கள்

இறங்குமுன் மருத்துவக் கேள்விகள் அடங்கிய படிவம் ஒன்று தருவார்கள். இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று குறித்துவிடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வலிப்பு வந்தவர்கள், நுரையீரல் கிழிந்து காற்று கசிந்த வரலாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் இறங்கவே கூடாது. ஆஸ்துமா, இதயநோய், சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, காது அறுவை சிகிச்சை ஆகியவை இருந்தால், ஊரிலேயே மருத்துவரைப் பார்த்துக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

காதும் மூச்சும்

அதிகம் அடிபடுவது காதுதான். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதி, காதடைப்பை விடுவித்துக்கொண்டே இறங்க வேண்டும். வலி வந்த பிறகு ஊதுவது தாமதம். கொஞ்சம் மேலேறி மறுபடி முயலுங்கள். சளி பிடித்திருந்தால் அன்று இறங்காதீர்கள். மாத்திரை போட்டுச் சமாளிக்கலாம் என்று நினைத்தால், தண்ணீருக்குள் இருக்கும்போதே அதன் வீரியம் இறங்கி, மேலே வரும்போது காது அடைத்துக்கொள்ளும்.

இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. மேலே ஏறும்போது ஒருபோதும் மூச்சை அடக்காதீர்கள். 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரல் நிறைய இழுத்த காற்று மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். வெளியே போக வழியில்லாவிட்டால் நுரையீரல் கிழியும். ஒன்றரை மீட்டர் ஆழத்திலிருந்து வந்தாலும் இது நடக்கலாம். தலையில் கவசம் மாட்டிக் கடல் தரையில் நடக்கவிடும் 'சீ வாக்'கை யாரும் ஸ்கூபா கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் அங்கேயும் அழுத்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறீர்கள், இதே விதிதான்.

கரையேறிய பின்

முந்தின இரவும் அன்றும் மது வேண்டாம். தண்ணீர் நிறையக் குடியுங்கள். வெயிலில் வற்றிய உடம்பிலிருந்து நைட்ரஜன் சரியாக வெளியேறாது. தோள், முழங்கை, முழங்கால் வலி, கை கால் மரத்துப்போதல், தலைசுற்றல், தோலில் திட்டுகள், காரணமில்லாத கடும் சோர்வு எது வந்தாலும் தூங்கினால் சரியாகிவிடும் என்று படுத்துவிடாதீர்கள். உடனே சுத்த ஆக்சிஜன் கொடுக்க வேண்டும். அழுத்த அறையில் வைத்துச் சிகிச்சை தேவைப்படலாம். படகில் ஆக்சிஜன் இருக்கிறதா, அருகில் அழுத்த அறை எங்கே என்பதைப் பணம் கட்டும் முன்பே கேளுங்கள். ஊர் திரும்பிய பின் அறிகுறி தெரிந்தால், மருத்துவரிடம் சொல்லும் முதல் வாக்கியமே 'நான் ஸ்கூபா செய்துவிட்டு வந்தேன்' என்பதாக இருக்கட்டும். நீங்கள் சொல்லாவிட்டால் அது அவருக்குத் தோன்ற வாய்ப்பில்லை.