கடலொலியும் ஆற்றொலியும்

கொழும்பு மாநகரின் வடகோடியில், 145 கிலோமீற்றர் தூரம் ஓடிவந்த களனி கங்கை கடலோடு கலக்கின்றது. முகத்துவாரம் என்னும் பெயரே அச்செய்தியைச் சொல்லும். அங்கே காக்கைதீவுக் கரையில் மேற்கு முகமாக நிற்பவர் செவியில் அலையின் முழக்கமே நிறைந்திருக்கும். அவரே ஆற்றோரமாக உள்நோக்கி நடப்பாராயின், அலையோசை சிறிது சிறிதாகத் தணியும். கரையை வருடும் நீரின் சலசலப்பும் படகுகளின் இயந்திர ஒலியும் மெல்ல மேலெழும். எந்த அடியில் கடல் ஓய்ந்தது, எந்த அடியில் ஆறு தொடங்கியது என்று அவரால் கூற இயலாது.

இதே கரையைக் கணினி விளையாட்டொன்றில் அமைக்கப் புகும் இளைஞர் ஒருவரைக் கற்பனை செய்வோம். அவர் கையில் இரண்டு ஒலிப்பதிவுகள் உள்ளன: ஒன்று கடல், மற்றொன்று ஆறு. ஒன்றை நிறுத்தி மற்றொன்றைத் தொடங்கினால், கதவைச் சாத்தியது போன்ற ஒரு வெட்டு கேட்கும். ஆகவே ஒன்றை மங்கவிட்டு, அதே வேளையில் மற்றொன்றை எழவிடுகின்றார். ஆங்கிலத்தார் இதனைக் குரொஸ்ஃபேட் என்பர்.

வானொலி நேயர்களுக்கு இது புதிய வித்தையன்று. 1928ஆம் ஆண்டிலேயே லண்டன் பிபிசியில் லான்ஸ் சீவ்கிங் என்பவர், பல கலையகங்களின் ஒலிகளை ஒரே பலகையிலிருந்து கலந்து ஒரு நாடகத்தை ஒலிபரப்பினார். வானொலி நாடகத்திலே திரை இல்லை; காட்சி மாறியதை ஒலி மாறுவதனாலேதான் உணர்த்த வேண்டும். கலையகத்தில் இருந்தவர் ஒரு கையால் ஒரு குமிழைத் தணித்து, மறு கையால் மற்றொன்றை உயர்த்தினார். எவ்வளவு தணிப்பது, எவ்வளவு உயர்த்துவது என்பதை அவர் செவியே அவருக்குச் சொன்னது. கணினிக்கோ செவி இல்லை. அதற்குக் கணக்கைச் சொல்லியாக வேண்டும்.

இளைஞர் இடறி விழுவது இக்கணக்கிலேதான். பாதி வழியில் கடல் பாதி, ஆறு பாதி என்று அவர் வைக்கின்றார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கின்றது. ஆயினும் ஓட விட்டுக் கேட்டால், நடுவழியிலே ஒலி சற்றே பள்ளத்தில் இறங்கி ஏறுவது போல் தோன்றும். காரணம் யாது? கடலோசையும் ஆற்றோசையும் உறவில்லாத இரண்டு ஒலிகள். ஒன்றின் முகடு மற்றொன்றின் முகட்டோடு எப்போதும் ஒத்துச் சேர்வதில்லை. ஆகவே அவற்றின் வீச்சுகள் கூடுவதில்லை, ஆற்றல்களே கூடுகின்றன. வீச்சு பாதியானால் ஆற்றல் காற்பங்காகிவிடும். இரண்டு காற்பங்குகள் சேர்ந்து அரைப்பங்கே ஆகும். அதாவது 3 டெசிபெல் குறைவு. பள்ளம் அதுவே. நடுவில் ஒவ்வொன்றையும் 0.5 என வைக்காமல் 0.707 என வைத்தால், ஆற்றல்கள் அரையும் அரையுமாகக் கூடி முழுமை பெறும். இரண்டு நேர்கோடுகளுக்குப் பதிலாக மேல்நோக்கி வளைந்த இரண்டு கோடுகளை வரைவது இதற்காகவே.

எல்லா இடத்திலும் வளைகோடுதான் சரி என்று முடிவு கட்டுதல் தவறு. ஒரே இராகத்தை, ஒரே தாளத்தில், பகலுக்கு வீணையும் இரவுக்கு வீணையோடு மிருதங்கமுமாக அமைத்து, இரண்டையும் ஒருசேர ஓடவிட்டிருப்பதாகக் கொள்வோம. வீணையின் ஒலி இரு பதிவிலும் ஒன்றே. இங்கே வீச்சுகளே கூடும். வளைகோடு இட்டால் நடுவிலே வீணை 3 டெசிபெல் புடைத்துக்கொள்ளும். நேர்கோடே இதற்குத் தகும். உறவுள்ள ஒலிக்கு ஒரு முறை, அயல் ஒலிக்கு வேறு முறை என்க.

மெல்பேர்ன் நகரத்தில் உருவான எஃப்மொட், மொன்றியால் நகரத்தில் உருவான வைஸ் ஆகிய ஒலி மென்பொருள்களில் இக்கோட்டின் வளைவை மாற்றியமைக்க வசதியுண்டு. எஃப்மொட்டில் ஓர் ஒலித்துண்டை மற்றொன்றின்மேல் சற்றே படியுமாறு இழுத்துவிட்டால், மாற்றம் தானே அமைந்துவிடும். இவ்வளவு எளிதாக அமைவதனாலேயே பலர் கோட்டைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

இன்னொரு நுட்பமும் கவனிக்கத்தக்கது. மாற்றத்தை நேரத்தோடு பிணைப்பதா, இடத்தோடு பிணைப்பதா? எல்லையைத் தாண்டியதும் மூன்று விநாடியில் மாறுக என்று கட்டளையிட்டால், ஆடுபவர் எல்லையிலேயே முன்னும் பின்னுமாக உலாவும்போது கடலும் ஆறும் மாறி மாறி எழுந்து விழுந்து தொல்லை தரும். கரையிலிருந்து எத்தனை அடி என்னும் தூரத்தோடு பிணைத்தால், அவர் நின்ற இடத்தில் ஒலியும் நிற்கும். முகத்துவாரத்தில் இயற்கை செய்து வைத்திருப்பதும் இதுவே.

இத்தனை நுணுக்கம் எதற்கென்று ஒருவர் கேட்கலாம். திரையைப் பார்த்து ஆடுபவருக்கு அந்தப் பள்ளம் ஒரு சிறு உறுத்தல் மட்டுமே. ஆனால் 2015ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் டொவினோ நிறுவனம் வெளியிட்ட ‘எ பிளைண்ட் லெஜென்ட்’ என்னும் விளையாட்டிலே காட்சியே கிடையாது. பார்வையிழந்த வீரன் ஒருவனை அவன் மகள் குரலால் வழிநடத்துகின்றாள். ஆடுபவருக்குச் செவியைத் தவிர வேறு துணை இல்லை. பார்வையற்றோரும் ஆடத்தக்க இத்தகைய விளையாட்டில், கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒலி இறங்கினால், தாம் விலகிப் போய்விட்டதாக எண்ணி ஆடுபவர் திரும்பிவிடுவார். சரியான பாதையைப் பிழையென்று விட்டுவிடுவார். ஆதலால் இளைஞர் தம் வேலையைச் சோதிக்கும்போது திரையை அணைத்துவிட்டு, காதணியை மாட்டிக்கொண்டு, கடலிலிருந்து ஆறு வரை மெதுவாக நடந்து, நடுவழியில் ஒரு நிமிடம் நின்று கேட்பது நலம்.